காசநோய்க்கு மாத்திரையோடு பருப்பும் ஏன் தேவை? 'ரேஷன்ஸ்' ஆய்வு விருதுநகர் கரிசல் காட்டுக்குச் சொல்வது என்ன?

ஒருவருக்குக் காசநோய் (டி.பி.) என்று உறுதியானதும் அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள். வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துப் பரிசோதிப்பார்கள். ஆனா, அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று யாராவது கேட்பார்களா? ரொம்ப காலமாக அது மருத்துவம் சாராத கேள்வியாகவே பார்க்கப்பட்டது. அதை மறுபடியும் மருத்துவத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது 2023-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு. தமிழ்நாட்டுக்கு அதில் இரண்டு விதமான தொடர்பு இருக்கிறது. உணவு முக்கியமில்லை என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவக் காரணமான ஆய்வு நடந்தது சென்னையில். இப்போது நோயாளியின் எடையைப் பார்த்து உயிரைக் காப்பாற்றும் திட்டத்தை மாநில அளவில் நடத்துவதும் தமிழ்நாடுதான்.

சுருக்கமாக:

• காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

• சிகிச்சையின் முதல் 2 மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடம் மரண ஆபத்து பெரிய அளவில் குறைவாக இருந்தது.

• நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு உதவி உண்டு. வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கான உணவு, நன்கொடையாளர்களை நம்பித்தான் இருக்கிறது.

ஏன் குமாரலிங்கபுரம்?

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரம் என்றால் இப்போது பலருக்கும் ஞாபகம் வருவது ஜவுளிப் பூங்காதான். மத்திய அரசின் பிஎம் மித்ரா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட பூங்கா, 1,052 ஏக்கரில் இங்கேதான் அமைகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வரைக்கும் நீளும் இந்த வட்டாரம் முழுக்க வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்து, தை, மாசியில் அறுப்பார்கள். மீதி மாதங்களில் பட்டாசு, தீப்பெட்டி, மில், தறி, கரிமூட்டம் என்று கிடைக்கும் வேலைக்குப் போவார்கள்.

2018-ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலை வெளியிட்டது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தவை விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டும்தான். அந்தத் திட்டம் முதலில் கணக்கில் எடுக்கும் துறையே சுகாதாரமும் ஊட்டச்சத்தும்.

டி.பி. அதிகம் தாக்குவது உழைக்கும் வயதினரை. வழக்கமான சிகிச்சைக்கு 6 மாதம் ஆகும். தினக்கூலி வீட்டில் சம்பாதிக்கும் ஒருவர் படுத்துவிட்டால், முதலில் நிற்பது சம்பளம். அடுத்து குறைவது காய்கறி, பருப்பு, முட்டை. அதாவது, உடம்புக்குச் சத்து அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் வீட்டுச் சாப்பாடு சுருங்குகிறது. நோயாளிக்கு மட்டுமல்ல, அதே காற்றைச் சுவாசிக்கும் மற்றவர்களுக்கும்தான்.

பசிக்கும் டி.பி.க்கும் என்ன சம்பந்தம்?

தமிழில் இந்த நோய்க்கு 'எலும்புருக்கி' என்று ஒரு பழைய பெயர் உண்டு. 'க்ஷயம்' என்ற சொல்லுக்கும் தேய்வது, குறைவது என்றுதான் பொருள். உடம்பை உருக்கும் நோய் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதன் மறுபக்கம்தான் கவனம் பெறவில்லை. ஏற்கனவே உருகிப்போன உடம்பில் இந்த நோய் சுலபமாகத் தலைதூக்கும்.

காசநோய்க் கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வாழ்நாளில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வருகிறது. மற்றவர்களிடம் கிருமியை நோய் எதிர்ப்பு அணுக்கள் சுற்றிவளைத்து அடக்கி வைத்திருக்கும். புரதமும் நுண்சத்துக்களும் குறைந்தால் இந்தக் காவல் தளரும். அடங்கிக் கிடந்த கிருமி விழித்துக்கொள்ளும்.

இதை எண்ணிக்கையிலும் பார்க்கலாம். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் அளவு பி.எம்.ஐ. எடையை (கிலோ), மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 18.5-க்குக் கீழே போனால் எடைக்குறைவு. நட் லோன்ரோத் தலைமையில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வு பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. பி.எம்.ஐ. ஒரு புள்ளி கூடும்போது காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைவதாக அதில் தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024-ம் ஆண்டு அறிக்கைப்படி, 2023-ல் உலகம் முழுக்க 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. அதில் சுமார் 26 சதவீதம் இந்தியாவில். ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு தொடர்புடையவை என்று மதிப்பிடப்பட்டவை மட்டும் கிட்டத்தட்ட 10 லட்சம்.

யார் இந்த அனுராக் பார்கவா?

மருத்துவர் அனுராக் பார்கவா சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே கனியாரியில் இருக்கும் 'ஜன் ஸ்வஸ்த்ய சஹயோக்' என்ற மக்கள் மருத்துவமனையோடு சேர்ந்து வேலை பார்த்தவர். பின்னர் மங்களூரு யெனப்போயா மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவரோடு சேர்ந்து இந்த ஆய்வுகளை முன்னெடுத்தவர் மருத்துவர் மாதவி பார்கவா.

கனியாரிக்கு வந்த 1,695 நுரையீரல் காசநோயாளிகளின் பதிவுகளை வைத்து 2013-ல் இவர்களது குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. நோய் கண்டறியப்பட்டபோது ஆண்களின் இடைநிலை எடை 42.1 கிலோ. பெண்களின் இடைநிலை எடை 34.1 கிலோ. வரிசையில் நிற்க வைத்தால் பாதிப் பெண்கள் அந்த எடைக்கும் கீழே. வளர்ந்த ஒரு பெண்ணின் எடை 34 கிலோ என்றால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் எடை அது. எடை குறையக் குறைய மரண ஆபத்து கூடுவதையும் அந்தக் கட்டுரை காட்டியது.

ஆனா இதில் ஒரு சிக்கல் இருந்தது. நோய் வந்ததால் மெலிந்தார்களா, மெலிந்ததால் நோய் வந்ததா? பழைய பதிவுகளை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. உணவு கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

'ரேஷன்ஸ்' ஆய்வில் என்ன செய்தார்கள்?

அப்படித் தொடங்கியதுதான் 'ரேஷன்ஸ்' ஆய்வு. நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. நம்ம ஊர் ரேஷன் கடையை ஞாபகப்படுத்தினால் தப்பில்லை. கொடுத்ததும் கிட்டத்தட்ட அதே பொருட்கள்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவோடு நடந்த இந்த ஆய்வில் சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் பங்கேற்றார்கள்.

இடம்: ஜார்க்கண்டின் 4 மாவட்டங்கள். 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜனவரி வரை 2,800 காசநோயாளிகளும், அவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் 10,345 பேரும் சேர்க்கப்பட்டார்கள். நோயாளிகள் எல்லோருக்கும், மருந்தோடு சேர்த்து, தினமும் 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கிடைக்கும்படி மாதாந்திர உணவுப் பை கொடுக்கப்பட்டது. அரிசி, பருப்பு வகை, பால் பவுடர், எண்ணெய், சத்து மாத்திரை. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்து இன்னொரு பகுதியினருக்குக் கொடுக்காமல் விடவில்லை.

வித்தியாசம் குடும்பத்தில்தான். ஒரு பிரிவில், வீட்டில் இருந்தவர்களுக்கும் உணவு போனது. பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை. இன்னொரு பிரிவில் வீட்டாருக்கு அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாடு மட்டும். 2022 ஜூலை வரை எல்லோரையும் கண்காணித்தார்கள்.

முடிவு 2023 ஆகஸ்டில் 'தி லான்செட்' இதழில் வந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைவு. தொற்றிப் பரவக்கூடிய, ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் மட்டும் பார்த்தால் 48 சதவீதம் குறைவு. சுமார் 30 வீடுகளுக்கு, அதாவது 111 பேருக்கு, உணவு கொடுத்தால் ஒரு புதிய நோயாளி உருவாவதைத் தடுக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2019 விலையில் செலவு, நோயாளிக்கு மாதம் 13 டாலர், வீட்டில் இருக்கும் ஒருவருக்கு 4 டாலர். நம் பணத்தில் அப்போது சுமார் 900 ரூபாயும் 300 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழேயும்.

நோயாளிகளைப் பற்றிய முடிவு 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் தனியாக வந்தது. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடைக்குறைவோடுதான் சிகிச்சைக்கே வந்திருக்கிறார்கள். முதல் 2 மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் மரண ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ இருப்பவருக்கு 5 சதவீதம் என்றால் 2 கிலோ. அவ்வளவுதான்.

அப்போ இத்தனை நாளா ஏன் உணவைப் பத்திப் பேசல?

இதற்குப் பதில் சென்னையில் இருக்கிறது. மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையம் தெரியும். மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு வைத்தியமே நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடுதான். தாம்பரத்தில் 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் நினைவுதான் அந்தப் பெயர்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும், அதன் பிறகு மற்ற மருந்துகளும் வந்தன. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. இந்தியாவில் எல்லா நோயாளிகளுக்கும் சானடோரியத்தில் இடம் கிடையாது. வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? இதைக் கண்டுபிடிக்க 1956-ல் ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்.

வாலஸ் ஃபாக்ஸ் உள்ளிட்ட குழு, ஒரு பிரிவை சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. 1959-ல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமானார்கள். உணவின் பங்கை மட்டும் தனியாக அலசி 1961-ல் வந்த கட்டுரையும், மருந்து சரியாகப் போனால் உணவு வித்தியாசம் குணமாவதைத் தடுக்கவில்லை என்றது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட இது முக்கியக் காரணம்.

அந்த ஆய்வு தப்பு இல்லை. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து படுக்கையில் கிடக்க வேண்டிய நிலையிலிருந்து கோடிக்கணக்கான ஏழை நோயாளிகளை விடுவித்தது அதுதான். ஆனா அது கேட்ட கேள்வி வேறு: மருந்து கிருமியைக் கொல்ல நல்ல சாப்பாடு கட்டாயமா? பார்கவா குழு கேட்டதோ, வீட்டில் அடுத்தவருக்கு நோய் வராமல் தடுக்க உணவு உதவுமா, எடை ஏறினால் நோயாளி பிழைப்பாரா என்று. முதல் கேள்விக்குக் கிடைத்த 'கட்டாயமில்லை' என்ற பதிலை, இரண்டாவது கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொண்டதுதான் பிரச்சினை.

தமிழ்நாடு என்ன செய்கிறது?

2022 ஏப்ரலில் மாநில அரசும், சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கின. காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் 2 மாதங்களிலேயே நடக்கிறது. அப்படியென்றால் யார் ஆபத்தில் இருக்கிறார் என்பதை முதல் நாளே கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு ஸ்கேன் தேவையில்லை. எடை, உயரம், கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? இவ்வளவுதான். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால், வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும் அவர் தீவிர நோயாளி. 150 செ.மீ. உயரப் பெண்ணுக்கு அது 31.5 கிலோ. 160 செ.மீ. ஆணுக்குச் சுமார் 36 கிலோ. மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலே போனாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே வந்தாலோ, தனியாக நிற்க முடியாவிட்டாலோ அவரும் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட வேண்டியவர்.

'சாப்பாடுதானே, வீட்டிலேயே கொடுத்தா என்ன' என்று தோன்றலாம். அவ்வளவு மெலிந்த உடம்புக்குத் திடீரென்று அதிகமாகச் சாப்பாடு கொடுத்தால், ரத்தத்தில் உப்புச் சத்துக்களின் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

2025-ல் இதே அளவீடுகளை வைத்து ஒரு நோயாளியின் மரண ஆபத்து எத்தனை சதவீதம் என்று சொல்லும் கணிப்பு முறையையும் திட்டத்தின் செயலியில் சேர்த்தார்கள். ஊர்ப்புற சுகாதார நிலையத்தில் இருக்கும் எடை மெஷின்தான் இதற்கெல்லாம் ஆதாரம்.

வீட்டுக்கு என்ன கிடைக்கிறது?

நோயாளிக்கு 'நிக்‌ஷய் போஷன்' திட்டத்தில் மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் 2 மாதம் கூடுதல் சத்துணவு கொடுக்கவும் அறிவிப்பு உண்டு.

கேள்வி குடும்பத்தைப் பற்றியது. 'நிக்‌ஷய் மித்ரா' என்ற பெயரில் தனிநபர்களும் நிறுவனங்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப் பை கொடுக்கும் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. 2024-ல் வீட்டில் இருப்பவர்களுக்கும் அதை நீட்டித்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனா இது நன்கொடை. கம்பெனிகளும் வசதியானவர்களும் நிறைய உள்ள நகரத்தில் மித்ரா கிடைப்பது சுலபம். மழை பொய்த்த வருஷம் திருச்சுழி பக்கத்துக் கிராமத்துக்கு மித்ரா எங்கிருந்து வருவார்?

ரேஷன் கடை இருக்கே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் அரிசி இலவசம். வட மாநிலங்கள் பலவற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய பலம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் முட்டையும் உண்டு. குறைவது பெரியவர்களின் புரதம். ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய்க்கு. ஒரு கிலோ பருப்பில் சுமார் 220 கிராம் புரதம் இருக்கும். நாலு பேர் வீட்டில் 30 நாளுக்குப் பிரித்தால் ஆளுக்குத் தினமும் 2 கிராம்கூட வராது. ஜார்க்கண்டில் கொடுத்த கணக்கு, நாலு பெரியவர்களுக்கு மாதம் 6 கிலோ பருப்பு. அந்த 5 கிலோ வித்தியாசத்தைக் கடையில்தான் வாங்க வேண்டும், அதுவும் கூலி நின்றுபோன மாதத்தில்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. கரிசல் மண் உளுந்தும் பாசிப்பயறும் விளைகிற மண். ஆனா கடன் அடைக்க அந்த மூட்டைகள் களத்திலிருந்தே சந்தைக்குப் போய்விடுவதும் உண்டு.

சாப்பாடு போதும், மாத்திரை வேண்டாமா?

இல்லவே இல்லை. ஆய்வில் இருந்த எல்லா நோயாளிகளும் மருந்து சாப்பிட்டவர்கள். உணவு மருந்துக்குத் துணை, மாற்று கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் வராமல் தடுக்க மாத்திரையும் அரசு கொடுக்கிறது. பரிசோதனையில் நோய் இல்லை என்று உறுதியானபின் மருத்துவர் சொன்னால் அதையும் முழுசா முடிக்க வேண்டும்.

காசநோய்க்கு எடைக்குறைவு மட்டும் காரணமும் இல்லை. சர்க்கரை நோய், மது, புகைப்பழக்கம், எச்.ஐ.வி., காற்றோட்டமில்லாத வீடு எல்லாமே ஆபத்தைக் கூட்டும். குறிப்பாகத் தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் அதிகம். நல்ல எடையில் இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு அரிசிப் பை தீர்வாகாது. ஜார்க்கண்ட் ஆய்வில் பங்கேற்ற வீடுகள் பெரும்பாலும் மிக ஏழ்மையான பழங்குடி வீடுகள் என்பதால், அதே 39 சதவீதம் இங்கேயும் அப்படியே கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனா 35, 40 கிலோ எடையில் சிகிச்சைக்கு வரும் ஒருவரின் வீட்டுக்கு இந்தப் பாடம் எந்த ஊரிலும் பொருந்தும்.

அடுத்து கவனிக்க வேண்டியது

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று இந்தியா இலக்கு வைத்தது. 2015-ல் ஒரு லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த பாதிப்பு 2023-ல் 195 ஆகக் குறைந்தது. குறைகிறது, ஆனா இலக்கு தூரத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் நோயாளியின் எடை இப்போது பதிவாகிறது. அந்த வீட்டின் ரேஷன் கார்டு எண்ணும் அரசிடம் இருக்கிறது. இரண்டு தகவலும் வேறு வேறு துறையில் இருக்கின்றன. சுகாதாரத் துறையில் ஒரு பெயர் பதிவானதும், அந்தக் கார்டுக்கு 6 மாதத்துக்குக் கூடுதல் பருப்பு தானாகவே போய்ச் சேரும்படி செய்வதா, இல்லை மித்ரா வரும்வரை காத்திருக்கச் சொல்வதா? அரசு முடிவெடுக்க வேண்டியது இதைத்தான். ஜவுளிப் பூங்கா முழுசா இயங்கும்போது வேலைக்குப் போகப்போவது இந்த வட்டாரத்து இளைஞர்களும்தான். அவர்கள் எந்த எடையில் போகிறார்கள் என்பதும் வளர்ச்சிக் கணக்கில் சேர வேண்டியது.

எப்போது பரிசோதிக்க வேண்டும்?

2 வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, பசியின்மை, இரவில் வியர்ப்பது, சளியில் ரத்தம். இதில் எது இருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் மற்றவர்களும் தயங்காமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள், எடையும் பார்த்துக்கொள்ளுங்கள். உதவிக்குக் கட்டணமில்லா எண்: 1800-11-6666.